பட்டுச் சிறகு கட்டிய கருடன்

“இறக்குல அதை, நான் சொல்லுதது காதுல—”

“இறக்கத்தாம்மா பாக்குறேன், நீ கொஞ்ச நேரம்—”

“பாக்குறேன் பாக்குறேன்னுட்டே நிக்க, அது பாட்டுக்கு—”

“காத்து இழுக்குதும்மா. நான் இங்க அமுக்குறேன், அது அங்க கேக்க மாட்டேங்குது.”

“அப்ப அமுக்குததை விட்டுட்டு ஒரேயடியா நிறுத்திரு.”

“நிறுத்தினா கல்லு மாதிரி விழும். கீழ எத்தனை தலை நிக்குதுன்னு எட்டிப் பாரு.”

ஜெயபாரதி எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். கிண்டி தொழிற்பேட்டையில் அவர்கள் தையல் கூடத்து மொட்டைமாடியில் நின்றால் அம்மன் கோயில் கலசம் கைக்கெட்டும் தூரம். சாரத்தின் மேல் குருக்கள் குடத்தோடு காத்திருந்தார். சந்து முழுக்க ஜனம். லேத் பட்டறை, அட்டைப்பெட்டிக் கம்பெனி, பேரிங் கடை எல்லாவற்றுக்கும் இன்று விடுமுறை விட்டு, ஆளும் பேருமாக வந்து அண்ணாந்து நின்றார்கள். தண்ணீர் விழப் போகிறது என்று பாதிப் பேர். கருடன் வரும் என்று மீதிப் பேர்.

கருடன் மேலேதான் இருந்தது. அரக்குச் சிவப்புப் பட்டில் இரண்டு சிறகு, ஓரத்தில் ஒரு விரற்கடை ஜரிகை, கழுத்தில் சம்பங்கி மாலை. ஆவணி மாதத்து மேல்காற்று அந்தச் சிறகுகளைப் பாய்மரம் போலப் புடைக்க வைத்து, அந்த ட்ரோன் சாமானைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போயிற்று. மகன் அஸ்வத்தின் கையிலிருந்த ரிமோட் விட்டுவிட்டுக் கீச்சிட்டது.

போன வாரம் ஜெயபாரதி ஒரு காரியம் செய்திருந்தாள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள். நிச்சயதார்த்தப் புடவையை மடித்து அப்பா மடியில் வைத்துவிட்டு, “எனக்கு பிளேன் ஓட்டணும்ப்பா” என்று புறப்பட்டுப் போனவள் அனுப்ரியா. அன்றைக்கு மூடிய வாயை, ஜெயபாரதியின் கணவர் சிதம்பரநாதன், மகளிடம் இன்னும் திறக்கவில்லை. அவரிடம், ரசம் ஊற்றுகிற சாக்கில், ஜெயபாரதி போட்டு வைத்தாள்: “வெள்ளிக்கிழமை உங்க மக தூத்துக்குடியில இருந்து ஒரு நோயாளியைக் கூட்டிக்கிட்டு வாரா. சின்ன பிளேன்தான். கும்பாபிஷேக நேரத்துக்குச் சரியா நம்ம கோயிலுக்கு மேலதான் இறங்குவாளாம்.”

அவர் ரசம் சோற்றைச் சாப்பிட்டார், கை கழுவினார், தன் தி.நகர் துணிக்கடைக்குப் போய்விட்டார். ஆனால் மறுநாளே தையல் கூடத்து மாஸ்டரைக் கூப்பிட்டு, பட்டில் சிறகு தைக்கச் சொன்னார்.

அதற்குக் காரணம் இருந்தது. போன கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வரவில்லை. புகையும் ரயிலும் விமானமும் இரைகிற அந்தப் பேட்டைக்கு எந்தக் கருடன் வரும்? ஒரு காக்கை வந்து கலசத்தில் உட்கார்ந்தது. அதன்பின் வரிசையாக மூன்று கம்பெனி பூட்டியபோது, ஊர் காக்கையைத்தான் சொன்னது. இந்தத் தடவை திருப்பணிக் குழுத் தலைவர் சிதம்பரநாதன். “வராட்டா என்னல, நாம விடுவோம். உன்கிட்ட இருக்கே, கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்குத சாமான், அதுக்குச் சிறகு கட்டு” என்று மகனிடம் சொன்னார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார். “அவ பிளேனும் நம்ம கருடனும் ஒரே படத்துல வரணும். வருமா?”

வரும் என்றான் அஸ்வத். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பறக்காதபடி ட்ரோன் கம்பெனிக்காரன் சாஃப்ட்வேரில் போட்டிருந்த பூட்டை ஒரு சிநேகிதன் தயவில் எடுத்துவிட்டான். அப்பா மகளோடு பேசப் போகிற வழி அது என்று அவனுக்கும் பட்டது. அக்காவின் விமானம் வரும் நேரம் பார்க்கப் போனில் ஒரு ஆப் வேறு. வரைபடத்தின் மேல் மஞ்சள் புள்ளியாக அவள் ஊர்ந்து வருவதை அதில் பார்க்கலாம்.

அந்தப் புள்ளி இப்போது கடலை விட்டுத் தரைக்கு வந்துவிட்டது.

“இது அனுவா?” ஜெயபாரதி விரலால் தொட்டாள்.

“அவதான். அடையாறுக்கு மேல வந்துடுவா.”

“இந்தச் சாமான் எங்க நிக்குது?”

அஸ்வத் அதே திசையில் மோவாயை நீட்டினான்.

ஜெயபாரதி கிழக்கே அண்ணாந்தாள். “ஏல, எம்புட்டு உயரம்?”

“படம் நல்லா வரணுமேன்னு கொஞ்சம் ஏத்திட்டேன்.”

“அவ வார உயரத்துக்கா?”

“ம்மா, கத்தாத. நான்தான் இறக்கிட்டு இருக்கேன்ல.” அவன் குரல் கீச்சென்று போயிற்று. பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நின்றானே, அந்தக் குரல். “கீழ ஏதோ தடை இருக்குன்னு காட்டுதும்மா. தடை இருந்தா அது இறங்காது. அந்தரத்துல என்ன தடை இருக்கு, வெறும் ஆகாசம்.”

சொல்லிக்கொண்டே திரையை விரலால் தேய்த்தான். தேய்த்த விரல் நின்றது.

“ம்மா. காலைல பூஜையில வச்சப்ப, எங்கெங்க சந்தனம் வச்ச?”

“எல்லா பக்கமுந்தான் வச்சேன்.”

“அடியில?”

“அடியில ரெண்டு கண்ணு மாதிரி இருந்துச்சு. அதுலயும் வச்சு, குங்குமம் இட்டேன். கருடனுக்குக் கண்ணு திறக்கணும்லா.”

அஸ்வத் தாயைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபமாக இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அது தரையைப் பாக்குற கண்ணும்மா,” என்றான். “மூடிட்ட.”

படிக்கட்டில் செருப்புச் சத்தம். சிதம்பரநாதன் பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் கோயில் மாலை. முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு. பெண் பார்க்க வந்த அன்று பார்த்த சிரிப்பு அது. எத்தனை நாளாகத் தவம் கிடந்தாள் அவள், இந்தச் சிரிப்பை மறுபடி பார்க்க.

“எங்க? எம்மவ எங்க வாரா?”

அஸ்வத் ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்னட்டி, ரெண்டு பேரும் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிய?”

“சாமான் சொன்னபடி கேக்கலைங்க. அனு வார வழியில நிக்குது. இறங்க மாட்டேங்குது.”

“விளையாடாத.”

“நான் என்னைக்குங்க இப்படி விளையாடியிருக்கேன்?”

சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, போக வழி தெரியாமல். பிறகு மகனிடம் திரும்பினார். “பேட்டரி தீந்தா தானா விழுந்துரும்லா?”

“தீர நேரம் ஆகும்ப்பா. மோட்டாரை நிறுத்தவும் பாத்துட்டேன், கேக்கலை. அவ அதுக்கு முன்னாடி வந்துடுவா.”

“பட்டும் பிளாஸ்டிக்கும். பறவை மாதிரிதான? எத்தனை பறவை பிளேன்ல அடிக்குது.”

“பறவைக்கு எலும்பு பொடிஞ்சிடும்ப்பா. இது மோட்டாரும் பேட்டரியும். பெரிய விமானமா இருந்தாக்கூடப் பரவாயில்ல. அக்காவோடது சின்னது. முன்னாடி இருக்கிறது கண்ணாடி, அதுக்குப் பின்னாடி அக்கா.”

ஜெயபாரதி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள்.

“யாருக்கு?”

“போலீஸுக்கு. அவங்க ஏர்போர்ட்டுக்குச் சொல்லுவாங்க.”

“கூறு கெட்டுப் போச்சா உனக்கு? இந்த இடத்துல விட்டதுக்கே புள்ளையைத் தூக்கி உள்ள—”

“அங்க ஒரு புள்ளை—”

“ரெண்டும் நம்ம புள்ளைதான்ட்டி, நான் இல்லைன்னா சொல்லுதேன், ஒரு நிமிஷம் பொறு, யோசிச்சு—”

“யோசிக்க அவ நிக்கணும்லா அங்க.”

நூறை அழுத்தினாள். முதலில் விரல் தப்பாகப் போய், திரும்ப அழுத்தினாள்.

“காவல் கட்டுப்பாட்டு அறை, சொல்லுங்க.” இளம்பெண் குரல்.

“கிண்டியில இருந்து பேசுதேம்மா. தொழிற்பேட்டை, அம்மன் கோயில் பக்கம். மேல ஒரு ட்ரோன் நிக்குது. பிளேன் இறங்குத வழியில. ஏர்போர்ட்டுல சொல்லுங்க, இப்பமே சொல்லுங்க.”

“லைன்லயே இருங்கம்மா. எவ்வளவு உயரத்துல இருக்கு?”

“பிளேன் வார உயரத்துல. அடையாறு பக்கமா தள்ளிக்கிட்டே போகுது. சின்ன பிளேன் ஒண்ணு வருதும்மா, அதுல என் பொண்ணு இருக்கா. அவதான் ஓட்டுதா.”

அந்தப் பக்கம் யாரிடமோ அவசரமாக ஏதோ சொல்வது கேட்டது. “பக்கத்து லைன்ல பேசிட்டு இருக்காங்கம்மா, பதறாதீங்க. ட்ரோன் யாருது? விடுற ஆளு உங்க கண்ணுக்குத் தெரியுறாரா? இறக்கச் சொல்லலாம்ல?”

ஜெயபாரதி நிமிர்ந்தாள். எதிரே அஸ்வத், ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி. அவனுக்குப் பக்கத்தில் கணவர். சிதம்பரநாதன் அவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். வேலையாள் முன்னால், கடன்காரன் முன்னால், சம்பந்தி முன்னால் கூப்பாத கை.

“அம்மா, இருக்கீங்களா? யாருதும்மா அது?”

போனைக் கட் செய்தாள்.

கீழே மேளம் உச்சத்துக்கு ஏறியது. குருக்கள் குடத்தைத் தூக்கினார். எவனோ ஒருவன் கிழக்கே கை காட்டிக் கத்த, கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிற்று.

“கருடன். கருடன் வந்துட்டான்.”

வெயிலில் ஜரிகை மின்னியது. நூற்றுக்கணக்கான கைகள் தலைக்கு மேல் குவிந்தன. கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “ஓம் சக்தி, பராசக்தி” என்று சந்தே அதிர்ந்தது. அத்தனை பேர் கும்பிடுகிற அந்தச் சிவப்புப் பொட்டுக்குப் பின்னால், வெள்ளையாக, சின்னதாக, ஓசையே இல்லாமல், அனுப்ரியாவின் விமானம் வந்துகொண்டிருந்தது.

ஜெயபாரதி கத்தவில்லை. கத்தினால் அவளுக்கே கேட்டிருக்காது. “தாயே, எடுத்துக்கோ, அந்தச் சாமானை எடுத்துக்கோ, அவளை விட்டுரு” என்று உதடு மட்டும் அடித்துக்கொண்டது.

வெள்ளை பெரிதாயிற்று. சக்கரம் தெரிந்தது.

திடீரென்று அதன் மூக்கு மேலே தூக்கியது. இன்ஜின் அலறிய அலறல் ஒரு கணம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கத்தி திரும்புவது போலத் திரும்பிற்று. சிவப்பும் வெள்ளையும் ஒரே இடத்தில் இருந்தன. பிறகு வெள்ளை மட்டும் இருந்தது. அதுவும் தடுமாறி, நிமிர்ந்து, மறுபடி தடுமாறி, அவர்கள் தலைக்கு மேலே போய், கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தது.

கும்பத்துத் தண்ணீர் கலசத்தில் விழுந்தது. ஜனம் ஆரவாரம் செய்தது.

அஸ்வத்தின் ரிமோட் கீச்சிடுவதை நிறுத்தியிருந்தது. திரை கறுப்பு.

“போயிட்டாளா?” என்றார் சிதம்பரநாதன். எந்த அர்த்தத்தில் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

படியேறி வந்தது புஷ்பம். தையல் கூடத்தில் நூல் வெட்டுகிறவள். தலை, புடவை எல்லாம் கும்பத் தண்ணீர், கையில் ஒரு சொம்பு.

“யக்கா, இன்னா நீ, அல்லாரும் கீழ கீறாங்கோ, இங்க வந்து நின்னுகினு கீற? பாத்தியா கருடனை? அந்த ஏரோபிளேனையே முட்டிகினு போச்சுக்கா. எங்கம்மா சத்தியமா, என் உடம்பு புல்லரிச்சுப் போச்சு. இந்தா, தண்ணி தெளிக்கிறேன், குனி.”

ஜெயபாரதி குனிந்தாள். தலையில் விழுந்த தண்ணீர் கழுத்து வழியாக இறங்கியது. புஷ்பம் அஸ்வத் பக்கம் திரும்பினாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். போன வாரம் அந்தச் சிறகுகளுக்கு நூல் பிசிறு வெட்டியவளே அவள்தான். சொம்பை மெல்ல இடுப்புக்கு இறக்கினாள்.

“நான் ஒண்ணும் பாக்கலக்கா,” என்றாள். ஈரக் காலோடு இறங்கிப் போனாள்.

*

சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டும் வரை காரில் அனுவின் போனுக்கு ஜெயபாரதி அடித்துக்கொண்டே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிச் சொன்னது.

“அதைக் குடு,” வண்டியை ஓட்டியபடியே சிதம்பரநாதன் பின்னால் கையை நீட்டினார்.

“எதுக்கு?”

“நீ அந்த போன்லதான நூறுக்குப் பேசின? தேடிக்கிட்டு வருவான். குடு.”

“அனு கூப்பிட்டா?”

“என் போன் இருக்குல்லா.”

“உங்க போனுக்கு அவ எப்பங்க கூப்பிட்டிருக்கா?”

அவர் போனை வாங்கி அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முன் சீட்டில் அஸ்வத் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தான். அவன் தோள் குலுங்குவதை இருவரும் பார்த்தார்கள்.

தி.நகர் வீட்டில் டி.வி.யைப் போட்டதும் கீழே ஓடிய எழுத்துகளில் வந்துவிட்டது: சென்னையில் தரையிறங்கிய சிறிய விமானத்தின் மீது மர்மப் பொருள் மோதல். விமானி படுகாயம்.

விமானி. அந்த விமானத்தில் விமானி இரண்டு பேர்.

“ஆணா பொண்ணான்னு போட்டா என்ன,” என்று ஜெயபாரதி டி.வி.யோடு சண்டை போட்டாள். “படுகாயம்னா என்ன காயம், எங்க காயம்? இதெல்லாம் எழுத மாட்டானா?”

“நான் ஏர்போர்ட்டுக்குப் போறேன்,” என்றான் அஸ்வத். “போய்ச் சொல்லிடுறேன். நான்தான்னு.”

“எதைல சொல்லப் போற?” சிதம்பரநாதன் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். “சிறகு தைக்கச் சொன்னது நானு. மேல ஏத்தச் சொன்னது நானு. போறதுன்னா நான் போறேன். நீ உங்க அத்தை வீட்டுக்கு, மயிலாப்பூருக்குப் போயிரு.”

“பூட்டை எடுத்தது நான்ப்பா.”

“சந்தனம் வச்சது நானு,” என்றாள் ஜெயபாரதி.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் போட்டி போட்டுக்கொண்டு எதையாவது ஏற்றுக்கொண்டால் பெருமையாக இருக்க வேண்டும். இங்கே யாராலும் யார் முகத்தையும் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. அனு உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல், பழியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சிதம்பரநாதனின் போன் அடித்தது.

அவர் எடுத்துப் பார்த்தார். திரையில் ‘அனு பாப்பா’ என்று இருந்தது. பேச்சை நிறுத்தியவர் பெயரை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். அது ஜெயபாரதிக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

“எடுங்க.”

“நீ எடு.”

“உங்களுக்குத்தான் அடிக்குது.”

“என்னால முடியாது பாரதி. வேற யாராவது பேசினா? அவ போன்ல இருந்து வேற யாராவது…”

அவள் பிடுங்கி அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா?”

சிதம்பரநாதன் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

“அம்மாதான்டி. அனு, என் தங்கமே, உனக்கு ஒண்ணும்…”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. கையில கீறல்தான். அழாத.” குரல் எதிரொலித்துக்கொண்டு வந்தது. “நெடுஞ்செழியன் சாருக்குத்தாம்மா. கேப்டனுக்கு. கண்ணாடி உடைஞ்சு மூஞ்சியெல்லாம். ஒரு கண்ணு கஷ்டம்னு சொல்றாங்க. அந்த ரத்தத்தோட உக்காந்துகிட்டு, ‘நீ இறக்கும்மா, நான் பக்கத்துல இருக்கேன்’னு சொல்லிட்டே வந்தாரு. நான்தான் இறக்கினேன்.”

“நோயாளி?”

“அவரை அவர் போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டாச்சு. அவருக்கு ஒண்ணுமில்ல.” அவள் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. “உன் போன் ஏம்மா ஆஃப்ல இருக்கு?”

ஜெயபாரதி கணவரைப் பார்த்தாள்.

“டவர்ல இருந்து சொல்லித்தான் சார் மூக்கைத் தூக்கினாரு. இல்லன்னா நேரா எங்க ரெண்டு பேர் மூஞ்சியிலயும் வந்திருக்கும். யாரோ ஒரு அம்மா கிண்டியில இருந்து போன் பண்ணாங்களாம். ‘அதுல என் பொண்ணு இருக்கா’ன்னு சொன்னாங்களாம். அந்த பிளேன்ல பொண்ணுன்னு இருந்தது நான் ஒருத்திதாம்மா.”

அஸ்வத் போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“யார் விட்டதுன்னு கேட்டதும் அந்தம்மா போனை வச்சிட்டாங்களாம்.” அனுப்ரியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் சாரைச் சேத்திருக்கிற ஆஸ்பத்திரி பாத்ரூம்ல இருந்து பேசுறேன். வெளிய போலீஸ் உக்காந்திருக்காங்க. சாரோட மனைவி வந்துட்டாங்க, என் கையைப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேங்குறாங்க. கதவைத் திறந்தா என்னைத்தான் கேப்பாங்க, உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்னு. நான் என்னன்னும்மா சொல்லட்டும்?”